ஒரத்தநாட்டுப் பக்கம் வௌவால் மரம் பார்க்கப் போய்

கேரளாவில் வௌவாலிலிருந்து பரவும் நிபா காய்ச்சல் என்று செய்தி வந்தால் போதும், "வௌவாலையெல்லாம் கொளுத்துங்க" என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் கிளம்பிவிடுவார். அந்தக் கடுப்பில்தான், இந்தத் தை மாதம், பழந்தின்னி வௌவால்களை நேரில் பார்த்து நாலு நல்ல வார்த்தை எழுதலாம் என்று புறப்பட்டேன்.

தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு சுமார் 25 கி.மீ.; பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஆட்டோ, போகவர 500 ரூபாய். டிரைவர் சூசைராஜ் நல்ல பேச்சுக்காரர். வழியெல்லாம் அறுவடை மெஷின் ஓடியது. வைக்கோல் தூசியில் எனக்கே தொண்டை கமறியது. இந்தத் தூசி கிளம்பினால் தன் மகள் அருளுக்கு வீசிங் வந்துவிடும் என்றார். பிளஸ் டூ படிக்கிற பெண்.

குளக்கரை அரசமரம் முழுக்க வௌவால்கள். காலை எட்டு மணிக்கும் தூங்காமல் ஒரே சண்டை. ஆசையாகப் பார்த்துவிட்டுத் திரும்பினால், சூசைராஜ் யாரிடமோ ஒரு சாக்கை வாங்கி ஆட்டோவில் வைக்கிறார். சாக்கு அசைந்தது. வலையில் சிக்கிய வௌவால். சூப்பு வைத்துக் கொடுத்தால் மூச்சிரைப்பு நின்றுவிடுமாம்.

எனக்கு வந்ததே கோபம்! கிருமி வௌவாலை ஒன்றும் செய்யாது, அதைப் பிடித்து ரத்தத்தில் கை வைக்கிற நமக்குத்தான் ஆபத்து, மரத்திலேயே விட்டால் யாருக்கும் வம்பில்லை என்று தொண்டை வற்றச் சொன்னேன்.

"தெரியுங்க மேடம். டிவியில சொல்றாங்க. அவ படுற பாட்ட ஒரு நாள் பக்கத்துல இருந்து பாருங்க" என்றார்.

டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். இன்ஹேலரும் கொடுத்திருக்கிறார். ஆனால் அது பழகிவிடும், நாலு பேர் பார்த்தால் மாப்பிள்ளை அமையாது என்று அவர் மனைவி ஸ்டெல்லா அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம்.

நானே கேட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா காபி கொடுத்தார். இன்ஹேலர் பழகாது, கெடுதலும் இல்லை என்றதைத் தலையாட்டிக் கேட்டார். "நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்கம்மா. பொண்ண நான்தானே கரையேத்தணும்" என்றார். பிறகு கொல்லையில் அரிவாள்மனை முன் உட்கார்ந்து, கணவர் அடித்துக் கொடுத்ததை வெறுங்கையால் உரித்தார். அதன் நகம் கீறி விரலில் ரத்தம் வந்தது, முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

மரம் பார்க்கப் போகிறவர்கள் காலை ஒன்பது மணிக்குள் போய்ச் சேருங்கள். மரத்துக்கு நேர் அடியில் நிற்க வேண்டாம். கீழே கிடக்கும் கடித்த பழத்தைத் தொடாதீர்கள், சோப்பு எடுத்துப் போங்கள். மரத்தை வெட்டச் சொல்லாதீர்கள், விரட்டினால் அவை வீட்டு மரங்களுக்குத்தான் வரும். இதெல்லாம் எழுதுவது சுலபம். அந்த வீட்டில் பார்த்ததற்குப் பிறகு மனசே விட்டுப்போயிற்று.

கிளம்பும்போது அருள் வாசல்வரை வந்தாள். இழுத்து இழுத்துத்தான் பேச முடிந்தது. நீயாவது வேண்டாம் என்று சொல்லக்கூடாதா என்றேன்.

"வெந்துட்டா கிருமி செத்துரும்க்கா, எனக்கு ஒண்ணும் ஆகாது. அம்மாவ நெனச்சாதான் பயமா இருக்கு. குடிச்சதும் நல்லாயிடுச்சுன்னு சொல்லிடுவேன். அப்புறம் வாங்க மாட்டாங்கல்ல. போன தையிலயும் அப்படித்தான் சொன்னேன்."

அதனால்தான் இந்தத் தையிலும் வாங்கியிருக்கிறார்கள் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.