பத்து விரல் டீச்சர்

"பத்தும் இருக்கா? காட்டு. சரி, போ."

மணி அடித்துவிட்டது என்பதற்காகப் பட்டறைக் கதவைத் தாண்டி எந்தப் பிள்ளையும் ஓடிவிட முடியாது. வாசலில் குறுக்கே நிற்கிறார் பட்டறை டீச்சர். இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டும். அவர் எண்ணித் தலையை ஆட்டினால்தான் விடுதலை. அடுத்த வகுப்புக்கு நேரமாகிறது என்று யாராவது முனகினால், "என்ன, பஸ்ஸா போயிடும்?" என்பார். நாளொன்றுக்கு நூற்று நாற்பது பிள்ளைகள், ஆயிரத்து நானூறு விரல்கள். அதில் ஒன்று மட்டும் முழு விரல் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

வயது ஐம்பதைத் தொடுகிறது. புருவத்தில் எப்போதும் மரத்தூள். பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு, "எந்தக் கடங்காரன் எடுத்தான் என் பென்சிலை?" என்று பட்டறையையே தலைகீழாக்குவார். பிள்ளைகள் யாரும் சொல்லித் தொலைக்க மாட்டார்கள். அதுவரை பாடம் நடக்காதே! கணவர் தையல்காரர். அதனால் அந்த வீட்டில் ஜன்னல் திரையிலிருந்து மகளின் உயரம்வரை எல்லாமே இன்ச்சுக் கணக்கு. "சாப்பிட உக்காந்தா என் கையையும் ஒரு தடவ பாத்துக்கறா. ஊசி குத்தி விரல் போன தையக்காரன் உலகத்துல உண்டா?" என்று அவர் புலம்புவார்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் சுட்டுவிரல் நுனி மின்ரம்பத்தில் போய்விட்டது. டீச்சர் ஒரு கணம் திரும்பிப் பசை டப்பாவை எடுத்தார், அவ்வளவுதான். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் அப்பாவே, "விடுங்க டீச்சர், எழுதற கை இல்லியே" என்று ஆறுதல் சொன்னார். டீச்சருக்குத்தான் ஆறவில்லை. அன்றிலிருந்து எந்தப் பிள்ளையையும் ரம்பத்தின் பக்கமே விடுவதில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, நூற்று நாற்பது பேருக்கும் வேண்டிய கட்டைகளைத் தானே அறுத்து அடுக்கிவிடுவார். பிள்ளைகளுக்கு மிச்சம் உப்புத்தாள் தேய்ப்பதும் பசை ஒட்டுவதும்தான். பட்டறைக்குத் 'தேய்ப்புக் கடை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அது அவர் காதில் விழாமலா இருக்கும்?

அதற்குத்தான் டீச்சர் ஒரு புது இயந்திரம் கேட்டார். கணினியில் படம் வரைந்து கொடுத்தால், கண்ணாடிக் கூண்டுக்குள் தானே நகர்ந்து மரத்தை வெட்டித் தரும். கூண்டைத் திறந்தால் அந்த நொடியே நின்றுவிடும். வெட்டுகிற இடத்தில் விரலுக்கு வேலையே இல்லை. வாங்கித் தாருங்கள் என்று மூன்று கடிதம் எழுதினார். மூன்றும் தலைமையாசிரியையின் மேஜையிலேயே குடியிருந்தன. நான்காவதுக்குப் பதில் வந்தது. "ஒரு தடவ ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, பாக்கறேன். சரிப்படலன்னா அடுத்த வருஷம் பட்டறையை மூடிப் புத்தகம் அடுக்கிடலாம். தேய்க்கறதுக்கு எதுக்கு ஒரு பீரியடு?"

முழுமூச்சாக எதிர்த்தவர் கணக்கு சார். "பொத்தானத் தட்டினா மரம் அறுபடும்னா, பசங்க மூளைக்கு என்ன வேல? அது கட்டை வெட்டற மெஷினில்ல, படிப்ப வெட்டற மெஷின்!" என்று ஆசிரியர் அறையில் முழங்கிக்கொண்டிருந்தார்.

குறித்த நாளில் கம்பெனிக்காரர் இயந்திரத்தைக் கொண்டுவந்து பட்டறையில் நிறுத்தினார். தலைமையாசிரியை கைகட்டி நின்றார். கணக்கு சார் அழைப்பில்லாமலே வந்திருந்தார். வெட்ட வேண்டியது தலைமையாசிரியையின் அறைக் கதவுக்கு ஒரு பெயர்ப்பலகை, பன்னிரண்டுக்கு நாலு. டீச்சர் தானே கணினியில் உட்கார்ந்து அளவைத் தட்டினார். திரையில் படம் பெரிதாக, அம்சமாகத்தான் தெரிந்தது. பொத்தானை அழுத்தினார்.

கிர்ர் என்றது. பலகையின் ஓரத்தில் சட்டைப் பொத்தானளவுக்கு ஒரு கீறலைப் போட்டுவிட்டு, வேலை முடிந்ததென்று இயந்திரம் தன் மூலைக்குப் போய் நின்றுகொண்டது.

"இதுக்கா டீச்சர் நாலு லெட்டர் எழுதினீங்க?" என்றார் கணக்கு சார்.

போச்சு, எல்லாம் போச்சு. ஆனால் டீச்சரின் கை தானாக ஸ்கேலை எடுத்துக் கீறலின் மேல் வைத்தது. பன்னிரண்டு மில்லிமீட்டர். அடி பாவி! கம்பெனிக்காரர் வாயைத் திறப்பதற்குள் டீச்சரே சொல்லிவிட்டார்.

"மெஷின் மேல தப்பில்ல. நான் வீட்டுப் பழக்கத்துல இன்ச்சுல போட்டுட்டேன். அது மில்லிமீட்டர்னு எடுத்துக்கிச்சு. சொன்னதத்தான் செஞ்சிருக்கு."

கணக்கு சார் கீறலைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து இயந்திரத்தைப் பார்த்தார். "அப்போ இருபத்தஞ்சு புள்ளி நாலால பெருக்கணுமே!"

"இங்கயே இன்ச்சுன்னு மாத்திக்கலாம் சார், ஒரு தட்டுதான்" என்று கம்பெனிக்காரர் கையை நீட்டினார்.

"கைய எடுங்க! நான் பெருக்கறேன்." ஒரு துண்டுக்கட்டையை இழுத்து, டீச்சரின் கொண்டையிலிருந்து பென்சிலைக் கணக்கு சாரே உருவி எழுதினார்: முந்நூற்று நாலு புள்ளி எட்டு, நூற்று ஒன்று புள்ளி ஆறு. எண்களைத் தானே தட்டினார். இந்த முறை இயந்திரம் நிதானமாக எழுத்தெழுத்தாக இறங்கியது. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற கணக்கு சாரை நகர்த்தவே முடியவில்லை.

"பதினேழு வருஷமா இந்த எண்ண போர்டுல எழுதறேன். 'இது எதுக்கு சார்'னு கேக்காத பய கெடயாது. இன்னைக்குத்தான் பதில் கெடச்சுது. மேடம், வாங்கிடுங்க."

"இருங்க. பாதியில யாராவது கைய விட்டா?" என்றார் தலைமையாசிரியை.

டீச்சர் கூண்டைத் திறந்தார். இயந்திரம் சட்டென்று மூச்சடங்கி நின்றது. மூடி, ஓட்டி, இன்னொரு தரம் திறந்தார். நின்றது. மூன்றாம் தரம் தலைமையாசிரியையே திறந்து பார்த்தார். பிறகு கையோடு கொண்டுவந்திருந்த நான்காவது கடிதத்தை எடுத்து, அந்தக் கண்ணாடிமேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அப்பாடா! டீச்சர் பக்கத்திலிருந்த முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மரத்தூள் கண்ணில் விழுந்துவிட்டதாகச் சொன்னார். அந்தப் பட்டறையில் அதை யார் நம்பமாட்டார்கள்? வீட்டுக்குப் போய்க் கணவரிடம் விஷயத்தைச் சொன்னபோது, "கடைசியில உன்னைக் காப்பாத்தினது என் டேப்புதான்" என்று அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

இப்போது இயந்திரம் பட்டறையின் நடுவில் நிற்கிறது. பிள்ளைகள் வரைகிறார்கள், அளக்கிறார்கள், தப்பாக வெட்டிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். தேய்ப்புக் கடை என்ற பெயர் மறந்துபோயிற்று. விரல் எண்ணுவது மட்டும் நிற்கவில்லை.

நுனி இழந்த பெண் இப்போது பத்தாம் வகுப்பு. இரண்டு வருடங்களாக வாசலில் அவள் கையை விரித்து, "ஒம்பதே முக்கால், டீச்சர்!" என்று சிரிப்பாள். டீச்சர் ஒருநாளும் சிரித்ததில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே "போ" என்பார். இயந்திரம் வந்த முதல் வாரம், அவள் தானே வரைந்து வெட்டிய சின்ன அலமாரித் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஒம்பதே முக்கால், டீச்சர்!"

டீச்சர் அந்த இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். நுனி போன குட்டை விரலையும் விடாமல் தொட்டார்.

"பத்து," என்றார். "போ."