முனியாண்டிக்கு ஆகாத இறால்

என் மகனுக்கு இறால் ஆகுமா, ஆகாதா? ஒரு வயதை நெருங்கும் அவனுக்குச் சோறு ஊட்டும் ஒவ்வொரு வேளையும் இந்தக் கேள்வி என்னோடு உட்கார்ந்திருக்கிறது.

நான் வளர்ந்த கிள்ளான் வீட்டில் இதற்குப் பதில் இருந்தது. "நம்ம வீட்டுக்கு எறா ஆகாது" என்பார் அப்பா. நண்டும் அதில் சேர்த்தி. இறாலை அரைத்துச் செய்யும் பெலாச்சான் விழுதின் வாசம்கூட எங்கள் சமையலறைக்குள் வந்ததில்லை. குலசாமி முனியாண்டிக்கு அது பிடிக்காது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஆட்டையும் சேவலையும் ஏற்கிற சாமிக்கு இறால் மட்டும் ஏன் ஆகாமல் போனது என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை நகம் வெட்டாததைப் போல அதுவும் ஒரு வழக்கம் என்று நானும் இருந்துவிட்டேன்.

அத்தைக்குக் கல்யாணம் நடந்தபோது நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். தாத்தா உயிரோடு இல்லாததால் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுத்தவர் அப்பாதான். கல்யாணம் முடிந்த கையோடு, பக்கத்து ஊரான மேருவில் இருந்த மாப்பிள்ளை வீட்டில் கறி விருந்து. வாசலில் பந்தல் போட்டு நீள மேசைகளில் வாழையிலை விரித்திருந்தார்கள். அத்தைக்குப் பக்கத்தில் எனக்கு இடம்.

அத்தையின் மாமியார் தன் கையாலேயே மருமகள் இலையில் இறால் சம்பால் வைத்தார். அத்தை கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க சாமிக்கு ஆகாதும்மா."

"எந்த சாமிக்கு? அது உங்கண்ணன் வீட்டு சாமி. நீ இப்ப எங்க வீட்டுப் பொண்ணு லா. எங்க காளியம்மா எறாவும் கேப்பா, நண்டும் கேப்பா."

பந்தி முழுவதும் சிரித்தது. புது மருமகளைத் தன் வீட்டோடு சேர்த்துக்கொள்ளும் ஆசையைத் தவிர அந்த அம்மாளிடம் வேறெதுவும் இல்லை. அத்தை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். சம்பந்தி வீட்டில் அப்பா வேறென்ன சொல்வார்?

"அவங்க சொல்றது சரிதானே. கட்டிக் குடுத்தாச்சி, இனி அவங்க சாமிதான் உனக்கும். சாப்பிடும்மா."

அத்தை சாப்பிட்டார். ருசியாக இருந்திருக்க வேண்டும், இன்னொன்றும் எடுத்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. கல்யாணம் ஆனால் சாமியை மாற்றிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பாயாசம் வருவதற்குள் அத்தை உள்ளங்கையைச் சொறிய ஆரம்பித்தார். மருதாணிச் சிவப்புக்கு மேல் இன்னொரு சிவப்பு ஏறியது. பிறகு உதடு தடித்தது. "தண்ணி" என்று அவர் கேட்டது வேறு யாருடைய குரலோ போல ஒலித்தது. மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். நான் நாற்காலியை விட்டு இறங்கி மேசைக்கு அடியில் போய்விட்டேன். அங்கிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தையின் கால்கள்தான். புது மெட்டி போட்ட விரல்கள் தரையைப் பிறாண்டின.

"சாமி குத்தம், துன்னூறு கொண்டாங்க" என்று ஒருவர் சத்தம் போட்டார். சூடம் ஏற்றப் போனார்கள். மாப்பிள்ளை மட்டும் எதற்கும் காத்திராமல் அத்தையைத் தூக்கி வேனில் கிடத்தினார். அப்பா ஏறினார், அழுத என்னையும் யாரோ உள்ளே தள்ளினார்கள். கிளினிக் வரைக்கும் அப்பா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே முணுமுணுத்தார். "நான்தானே விட்டுக் குடுத்தேன், நான்தானே விட்டுக் குடுத்தேன்." சாமியிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

ஊசி போட்டபின் அத்தைக்கு மூச்சு திரும்பியது. அலர்ஜி என்றார் டாக்டர். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. முனியாண்டி எங்கள் பெண்களை விடுவதில்லை என்பதுதான் எனக்குப் புரிந்தது. நான் கல்யாணம் செய்துகொண்டால் என்னையும் விடமாட்டார் என்று பல நாள் பயந்து கிடந்தேன்.

பெயர் தெரியாத ஏதோ ஒரு தலைமுறையில், எங்கள் வீட்டில் யாரோ இப்படி மூச்சுக்குத் தவித்திருக்க வேண்டும். காரணம் தெரியாதவர்கள், பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டி, இறாலை விலக்கும் பொறுப்பைச் சாமியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். இது எனக்கு வெகு காலம் கழித்தே உறைத்தது. தாரை வார்த்தால் சாமி மாறலாம், இரத்தம் மாறாது. சிறுமியான எனக்கு அது தெரியாது. அப்பாவுக்கும் அன்றைக்குத் தெரிந்திருக்கவில்லை.

இப்போது நான் பிரிக்ஃபீல்ட்ஸில், மாமியார் வீட்டில் இருக்கிறேன். இங்கே ஞாயிறு என்றால் இறால். நான் இன்றுவரை தொட்டதில்லை. அதனால் எனக்கு ஆகுமா என்பதே எனக்குத் தெரியாது. அத்தையின் மூத்த மகள் இறால் போட்ட மீ நூடுல்ஸை விரும்பிச் சாப்பிடுகிறாள். இளையவளுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. "மூத்தது அவுங்க சாமி, சின்னது நம்ம சாமி" என்று அத்தை சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

மகனைப் பார்த்த டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "அலர்ஜி வரக்கூடிய தன்மை குடும்பத்துல வரலாம். அதே சாப்பாட்டுக்குத்தான் வரும்னு இல்ல. வந்தே தீரும்னும் இல்ல." நிபுணரைப் பார்க்க நாள் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதற்குள் வீட்டில் கொடுத்துப் பார்க்க வேண்டாம் என்றார். ஒருவேளை அவனுக்கு ஒன்றுமே இல்லாமல், என் பயத்தை மட்டும் ஊட்டி வளர்க்கிறேனோ என்றும் தோன்றுகிறது.

ஆனால் அந்த நாளுக்கு முன்பே அவன் பிறந்தநாள் விருந்து வருகிறது. "மொத வாய் நான்தான் ஊட்டுவேன். எங்க வம்சத்துல எவனுக்கும் எறா ஒன்னும் பண்ணதில்ல" என்று மாமியார் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருடைய வம்சத்தைப் பற்றி அவர் சொல்வது உண்மைதான். என்னுடையதும் அவனுக்குள் இருக்கிறது என்று சொல்ல வாயெடுக்கிறேன். மருமகள் பேச்சாகப் போய்விடுமோ என்று விழுங்கிவிடுகிறேன்.

உங்கள் வீட்டிலும் 'ஆகாது' என்று ஒன்று இருக்கிறதா? கட்டிக் கொடுத்த பெண்ணின் பிள்ளைக்கு என்ன செய்தீர்கள்? ஆசையோடு நீளும் கையை, மனம் நோகாமல் எப்படித் தடுத்தீர்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். விருந்துக்கு முன்பே எழுதினால் நல்லது. அன்றைக்கு அந்த இலைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து பார்க்க எனக்கு அண்ணன் யாரும் இல்லை. 'வேண்டாம்' என்று நான்தான் சொல்ல வேண்டும்.