பங்குனியில் நிரம்பி ஓடிய ஆறு

அன்று சீட்டை ஏலம் கூறும்போது அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: சீட்டுப் பிடிக்கிற அக்கா, மரக்கறிக் கடை முதலாளி, ஸ்தேன் புறநகரிலிருந்து வரும் பென்ஷன்காரப் பாண்டிச்சேரி ஐயா, வன்னியிலிருந்து வந்து நாலு வருடமான ஒரு மனிதர், நான். மிச்சப் பதினைந்து பேரும் தங்கள் பேச்சை அக்காவிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். சித்திரை மாதத்து முதல் ஞாயிறு. பாரிஸ், லா சப்பலில் அக்காவின் புடவைக்கடைப் பின்னறை.

நான் கதவைத் திறந்ததுமே முதலாளி தொடங்கிவிட்டார்.

"ஆபத்து அண்ணை வந்திட்டார். கூரை விழமுதல் சீட்டை முடியுங்கோ."

அந்தப் பட்டம் எனக்கு எப்படி வந்தது என்றால், கார்ஜ் என்ற புறநகரில் வீடு வாங்கப் போன ஒருவரை, லிஃப்ட் பழசு, சுவரில் வெடிப்பு என்று சொல்லித் தடுத்தவன் நான். வேறொருவர் அதே வீட்டை வாங்கி, பிறகு நல்ல விலைக்கு விற்றார். அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தால் சிரிப்புத்தான். எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பயம் இருந்தபடியால்தான் பிரெஞ்சே வாசிக்கப் பழகினேன். கடிதம் வந்தால் என்ன கெடுதல் எழுதியிருக்கிறதோ என்று எழுத்துக்கூட்டிப் பார்ப்பேன்.

எங்கள் சீட்டில் இருபது பேர், மாதம் ஆளுக்கு ஐந்நூறு யூரோ, மொத்தம் பத்தாயிரம். அதில் யார் ஆகக் கூடிய கழிவு விடச் சம்மதிக்கிறாரோ அவருக்கு அந்த மாதச் சீட்டு. அவர் விட்ட கழிவை மற்றப் பத்தொன்பது பேரும் பிரித்துக்கொள்வோம். அவசரப்பட்டவனின் வயிற்றில் அடித்துப் பசியாற இதைவிட மரியாதையான வழி எனக்குத் தெரியாது.

அன்று அவசரப்பட்டவர் வன்னிக்காரர். மனைவியும் மகளும் இன்னும் அங்கேதான். ஒழுங்கான வருமானம் காட்டினால்தான் அவர்களைக் கூப்பிடலாம். பிரான்சின் தெற்கே, மலையடிவாரத்தில், ஒரு துண்டு நிலம் குத்தகைக்குப் பார்த்திருந்தார். கத்தரி, வெண்டி, பச்சைமிளகாய் போட்டால் முழுவதையும் தானே எடுப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். வாய்மொழியாகத்தான்.

வன்னிக்காரர் போனை நீட்டினார். "போன கிழமை போய்ப் பாத்தனான். ஆத்தைப் பாருங்கோவன்."

பங்குனிக் கடைசியில் எடுத்த படம். ஆறு கரைதட்டிக் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய கண்ணுக்கு அது மாரி முடிந்து நிரம்பி வழிந்து வான் பாய்கிற குளம். குளம் நிரம்பினால் போகம் நிச்சயம் என்று வளர்ந்தவர் வேறு எப்படிப் பார்ப்பார்?

"ஃபுல்லா ஓடுதுன்னா அப்புறம் என்ன தம்பி, போன் ஷான்ஸ்!" என்று பிரெஞ்சில் வாழ்த்தினார் பாண்டிச்சேரி ஐயா.

ஆறு வருடமாகக் குளிர்காலத்தில் அந்த மலை ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவுகிறவன் நான். அந்தப் பக்கத்துக்கு மலைமேல் கிடக்கும் பனிதான் குளம். அது மெல்ல மெல்ல வைகாசி, ஆனியில் உருகிவந்தால்தான் கோடையில் வாய்க்கால் ஓடும். பங்குனியிலேயே ஆறு நிரம்பினால், ஆடித் தண்ணீர் இப்போதே கடலுக்குப் போகிறது என்று அர்த்தம். அந்த ஊர் நகரசபையான மெரி வாசலில் மாதாமாதம் ஒரு தாள் ஒட்டுவார்கள்: மேலே எவ்வளவு பனி, கோடைக்கு எவ்வளவு தண்ணீர் எதிர்பார்க்கலாம் என்று. நான் அதைத் தவறாமல் படம் எடுப்பேன். அந்தப் பங்குனித் தாளில் எங்கள் மலைப்பக்கம் முழுக்கத் தண்ணீர்ப் பஞ்சத்தின் சிவப்பு. அந்தப் படம் என் சட்டைப்பையில், என் போனில் இருந்தது.

வன்னிக்காரர் என் பக்கம் திரும்பினார். "அண்ணை, நீங்கள் அங்கத்தை மலையிலை நிக்கிறனீங்கள். கோடைக்குத் தண்ணி காணுமோ, பயிருக்குப் போதுமோ?"

முதலாளி முந்திக்கொண்டார். "அவரிட்டைக் கேக்கிறியே? மலையே இடிஞ்சு விழுமெண்டு சொல்லுவார்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காகூட. ஒருநாளாவது அந்தச் சிரிப்பு என்மேல் விழாமல் போகட்டும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அவர் சீட்டுக் கூறமாட்டார், கழிவு வராது என்பதையும் நினைத்தேன். இரண்டையும்தான் நினைத்தேன்.

"ஓம், காணும்" என்றேன்.

"பாத்தியளே, ஆபத்தே காணுமெண்டு சொல்லுது!" முதலாளி தொடையில் தட்டினார்.

வன்னிக்காரர் இரண்டாயிரம் கழிவு கூறினார். சீட்டுத் தேவையே இல்லாத முதலாளி இரண்டாயிரத்தைந்நூறு என்றார். மூவாயிரம். மூவாயிரத்தைந்நூறு. வன்னிக்காரர் நெற்றியைத் துடைத்துவிட்டு, "மூவாயிரத்து எண்ணூறு" என்றார். முதலாளி உடனே வாயை மூடிக்கொண்டார். ஆறாயிரத்து இருநூறு வன்னிக்காரர் கைக்கு. நாங்கள் ஆளுக்கு அந்த மாதம் முந்நூறு கட்டினால் போதும். அக்கா தேத்தண்ணி ஊற்றினா. நான் இரண்டு கோப்பை குடித்தேன்.

ஆனியில் வாய்க்காலைக் கிழமையில் ஒருநாள்தான் திறந்தார்கள். ஆடியில் அடியோடு மறித்தார்கள். வன்னிக்காரர் எனக்குத்தான் போன் எடுத்தார்.

"அண்ணை, வாய்க்காலுக்கை பல்லி ஓடித் திரியுது. மலையிலை ஏதும் அடைப்போ? நீங்கள் ஆரிட்டையும் கேட்டுப் பாக்கேலாதோ?"

அடைப்பு என்று நினைத்திருக்கிறார். யாரோ போய் எடுத்துவிட்டால் தண்ணீர் வருமென்று. "கேக்கிறன்" என்று சொல்லி வைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கத்தரி பூவோடு கருகியது. முதலாளி மரக்கறியை வேறிடத்தில் எடுத்துக்கொண்டார். மகளையும் மனைவியையும் கூப்பிடுவதற்கான விண்ணப்பம் வருமானம் போதாதென்று திரும்பி வந்தது.

அந்தக் குளிர்காலம் என் ஹோட்டலிலேயே அவருக்கு வேலை எடுத்துக்கொடுத்தேன். லா சப்பலில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தை மாதம் ஒரு மத்தியானம், கழுவும் தொட்டியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவர் ஒரு தட்டைத் தேய்த்தபடி, என்னைப் பார்க்காமல் பேச்சை எடுத்தார்.

"போன வருசம் பனி இல்லாமல் இந்த ஹோட்டலைப் பங்குனி நடுவிலேயே பூட்டினவையாம். சமையல்காரன் சொன்னான்."

"ம்."

"மற்ற வருசங்களிலை நீங்கள் சித்திரை முடியத்தானே பாரிசுக்கு வாறனீங்கள்?"

"ம்."

"அப்ப அண்டைக்குச் சீட்டுக்கு நீங்கள் வந்திருந்ததே பனி இல்லாதபடியால்தான்."

தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை மூடினேன். ஏன் மூடினேனோ தெரியாது.

"கழிவிலை உங்கடை பங்கு எவ்வளவு அண்ணை?"

சொன்னேன்.

சம்பளம் வந்த அன்று அந்தக் காசை மடித்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் கையைத் துடைத்தார். வாங்கவில்லை.

"இப்ப வேண்டாம். தேவைப்படேக்கை நானே வந்து கேக்கிறன்."

கோபமாகச் சொல்லவில்லை. என்னை நன்றாகத் தெரிந்துகொண்டு சொன்னார். இரண்டு வருடமாகிறது. அவர் இப்போது பியர்ஃபித்தில் ஒரு உணவகத்தில் வேலைக்கு நிற்கிறார். மனைவியும் மகளும் இன்னும் வரவில்லை. சீட்டுக் காசை ஒரு மாதமும் தவறாமல் கட்டி முடித்துவிட்டார். லா சப்பலில் எதிரே வந்தால், "சுகமோ அண்ணை?" என்று கேட்டுவிட்டுக் கடந்து போகிறார். அவர் வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் என் கை சட்டைப்பைக்குப் போகிறது. இன்றைக்கும் கேட்கவில்லை. நான் அவருக்குக் கொடுக்க வேண்டியது இருநூறு யூரோ.