டொமினிக் வண்டியின் டீசல் முள்

போன வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு நான் எங்கே இருந்தேன் தெரியுமா? கூடுவாஞ்சேரிக்குக் கொஞ்சம் முன்னால், ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்தில், இருநூறு பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குக் காவலாக!

வண்டி என் மச்சான் டொமினிக்குடையது. மனைவியின் தம்பி. சேலையூரில் நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுகிறான். அவனுடைய பழைய பிக்கப்பில் டீசல் முள் செத்து மூன்று வருஷம். என்றோ டேங்கைக் கழற்றிய யாரோ ஒரு மெக்கானிக், ஒயர்களைச் சேர்க்கும் கப்ளரைத் தொலைத்துவிட்டு, முனைகளை முறுக்கி டேப் சுற்றி அனுப்பிவிட்டார். அந்த டேப்பும் ஒரு மழையோடு போச்சு.

டொமினிக் அசரவில்லை. டீசல் போடும்போதெல்லாம் கிலோமீட்டரை ஒரு துண்டு டேப்பில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிடுவான். மீதி மனக்கணக்கு.

இப்போது வண்டியின் தகுதிச் சான்றுக்கு எஃப்.சி. சோதனை வருகிறதே... புதன்கிழமை மாலை இரும்புலியூரில் எலெக்ட்ரீஷியன் சேகரிடம் போனோம். (நான் எதற்கு? வேடிக்கை பார்க்கத்தான்.) சேகர் வண்டிக்கடியில் படுத்து, களிம்பு ஏறிய முனைகளை நறுக்கி, புது டெர்மினல் அடித்து, கப்ளரை ‘டக்’கென்று மாட்டினார். சாவியைத் திருப்பினோம். முள் எழுந்தது. சிவப்புக் கோட்டுக்கு மேல் ஒரு நூல் — அவ்வளவுதான்.

“இன்னாண்ணா, தப்பா மாட்டிட்டியா? டீசல் போட்டு எண்பது கிலோமீட்டர்தான் ஓடிகீது. அர டேங்காவது இருக்கணும்!” என்றான் டொமினிக்.

“முள்ளு கரெக்டாதான் காட்டுது. எதுக்கும் டீசல் போட்டுக்கினு போ” என்றார் சேகர்.

அவன் என்னைப் பார்த்தான். “உன் கணக்குதான் சரி” என்றேன். இஞ்சின் எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது!

மறுநாள் சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் ஒரு சர்ச் கல்யாணம். அந்தப் பக்கம் அவனுக்கு முதல் ஆர்டர். பூசை முடிந்து ஜனம் வெளியே வருவதற்குள் பந்தலில் நாற்காலி இருக்க வேண்டும். சொதப்பினால் அந்த ஏரியாவையே மறந்துவிடலாம்.

கூடுவாஞ்சேரி வருவதற்குள் வண்டி இருமியது. நின்றது. டொமினிக் டேஷ்போர்டைப் பார்த்தான். கழித்துப் பார்த்தால் அதே எண்பது! கிலோமீட்டர் மீட்டர் எப்போதோ ஓடுவதை நிறுத்தியிருக்கிறது.

“மாமா... மானம் போச்சு” என்றான். ஆமாம் சாமி போட்டவன் நான்தானே?

ஷேர் ஆட்டோவில் ஓடி, கேனில் டீசல் வாங்கிவந்து ஊற்றினான். உடனே கிளம்பிவிடுமா? டீசல் குழாயில் காற்று புகுந்துவிட்டதாம். இஞ்சின் பக்கத்துக் கைப்பம்ப்பை அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றினான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஃபாதர் இன்னும் பிரசங்கத்தில் இருந்தார். இவ்வளவு நீளமான பிரசங்கத்துக்கு நான் நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. கடைசி வரிசை நாற்காலியை நான் போடும்போது சர்ச் மணி அடித்தது.

மூன்று வருஷம் வாயே திறக்காத முள் திடீரென்று உண்மையைச் சொன்னால் நம்புவோமா? ரிப்பேர் செய்தவர்மேல்தான் சந்தேகம் வருகிறது. சிரித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. போன மாதம் சுகர் ரிசல்ட்டைப் பார்த்து, “லேப் சரியில்லை” என்று கவரோடு டிராயரில் போட்டவன் யார்?

திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறேன். டொமினிக்தான் கூட்டிப் போகிறான் — டேங்க் ஃபுல்!