எடை மேடைக் கம்ப்யூட்டரில் பழசுக்கு இடமில்லை

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் வழியில் ஒரு மாங்கூழ் ஆலை. அங்கே எடை மேடைக் கேபினில் உட்கார்ந்து லாரிகளுக்கு எடைச்சீட்டு போடுவது என் வேலை. அந்த நாற்காலி எனக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. ஆறு சீசன் பழம் பிரிக்கும் டேபிளில் நின்றவள் நான். காலடியில் எந்நேரமும் ஈரம், கையெல்லாம் மாம்பால் பட்டுப் பொத்துப்போன புண். ப்ளஸ் டூவில் கம்ப்யூட்டர் படித்தவள் என்று நானே போய்ச் சொல்லி, சண்டை போட்டு வாங்கிய இடம் அது.

அங்கிருந்த கம்ப்யூட்டரில் ஒரே பெட்டிக்குள் இரண்டு ஓஎஸ், அதாவது கம்ப்யூட்டரையே ஓட்டுகிற அடிப்படை மென்பொருள். எடை போடும் வேலை புதிய ஓஎஸ்ஸுக்கு மாறி மூன்று வருடமாகிறது. பழையதை யாரும் திறப்பதே இல்லை. ஆனால் ஹார்ட் டிஸ்கில் முக்கால்வாசி இடத்தை அந்தத் தண்டச்சோறுதான் வளைத்துப் போட்டிருந்தது. லாரிகளைக் கேமரா எடுக்கிற போட்டோவைச் சேமிக்கவே புதியதில் இடமில்லை. ஒரு சீட்டு வர ஐந்து நிமிஷம். வெளியே வெயிலில் லாரிகள் சர்வீஸ் ரோடு வரை நிற்கும். டிரைவர்கள் கன்னடத்தில் பாதி, தெலுங்கில் பாதி என்று என்னைத் திட்டுவார்கள். எனக்கு இரண்டும் நன்றாகவே புரியும்; திருப்பிக் கொடுக்கவும் தெரியும்.

பழையதை எடுத்துவிடலாம் என்று போன சீசனிலேயே சொன்னேன். பெங்களூரிலிருந்து வந்துபோகும் சர்வீஸ் இன்ஜினியர், அதைத் தொட்டால் இரண்டுமே போய்விடும் என்று பயமுறுத்தினார். ஏன் போகும் என்று கேட்டதற்கு, சொன்னாலும் உனக்குப் புரியாது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து வேலைக்குப் போகவர பஸ்ஸில் நான் போனில் பார்த்ததெல்லாம் இதைப் பற்றிய வீடியோக்கள்தான்.

இந்த வருடம் சீசன் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை மேனேஜரிடம் போய் நின்றேன். நாளைக்கு லீவு, நானே எடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"செய்யி. ஆனா திங்கக்கெழம மொத லாரி வர்றப்ப மிசின் ஓடலைன்னு வையி, நீ மறுபடி டேபிளுக்குத்தாம்மா போவணும்."

சரிங்க சார் என்று வாய் சொல்லிவிட்டது.

ஞாயிறு காலை ஆலையில் வாட்ச்மேனைத் தவிர ஆளில்லை. பழையதில் இருந்த எடை விவரங்களையெல்லாம் வெளி டிஸ்கில் நகலெடுத்தேன். சரியாக வந்திருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை திறந்து பார்த்தேன். பிறகு பென் டிரைவ் வழியாகக் கம்ப்யூட்டரைத் துவக்கி, பழைய ஓஎஸ் இருந்த பகுதியை அழித்தேன். நடுவில் ஏதோ எச்சரிக்கை வந்தது. படிக்காமலே ஓகே கொடுத்தேன். இவ்வளவுதானா என்று சிரித்துக்கொண்டே பென் டிரைவைப் பிடுங்கி ரீஸ்டார்ட் செய்தேன்.

கறுப்புத் திரை. துவக்கக் கோப்பு இல்லை என்று ஒரே ஒரு வரி.

இன்ஜினியருக்குப் போன் போட்டேன். அந்த மனுஷன் சிரித்தார். அன்றே சொன்னேனே என்றார், செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு ரோஷம் வந்தது. செவ்வாய் வரைக்கும் எவள் காத்திருப்பாள்?

வாட்ச்மேன் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு நிதானமாக யோசித்தேன். இரண்டு ஓஎஸ்ஸையும் துவக்கிவிடும் கோப்புகள் பழையதன் பகுதியில்தான் இருந்திருக்கின்றன. நான் படிக்காமல் விட்ட எச்சரிக்கை அதைத்தான் சொல்லியிருக்கிறது. புதியதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதை எழுப்பிவிடத்தான் ஆளில்லை. மறுபடி பென் டிரைவைச் செருகி, அந்தக் கோப்புகளைப் புதியதன் பகுதியில் எழுதச் சொல்லி ஒரு வரி தட்டினேன். முடியாது என்றது. திரும்பத் தட்டினேன். முடியாது. அதற்கப்புறம்தான் உறைத்தது: பென் டிரைவ் வழியாகத் துவக்கினால் டிஸ்கின் பகுதிகளைக் குறிக்கும் எழுத்துகள் மாறிவிடும். நான் சி, சி என்று தட்டிக்கொண்டிருக்கிறேன், புதியதன் பகுதி அங்கே டி. அடி மக்கு என்று என்னையே திட்டிக்கொண்டு எழுத்தை மாற்றித் தட்டினேன். இனி இந்தப் பகுதியிலிருந்துதான் துவங்க வேண்டும் என்றும் அதற்குக் கட்டளை கொடுத்தேன்.

ரீஸ்டார்ட். எதைத் திறக்கட்டும் என்று கேட்கிற பட்டியலே வரவில்லை. நேராகப் புதியது வந்து நின்றது. காலியான இடம் முழுவதையும் போட்டோக்களுக்கு ஒதுக்கினேன். யாருமில்லாத கேபினில் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். சொல்ல வெட்கமில்லை, அழவும் செய்தேன்.

திங்கள் காலை கேட்டில் ஷிப்ட் போர்டைப் பார்த்தேன். பழம் பிரிக்கும் டேபிளுக்கு நேராக என் பெயர். சனிக்கிழமையே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார் மேனேஜர். நெஞ்சு கொதித்தது. நேராகக் கேபினுக்குப் போய் உட்கார்ந்தேன்.

நாகரசம்பட்டித் தோட்டத்து லாரிதான் முதலில் மேடை ஏறியது. மேனேஜர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். பட்டனை அழுத்தினேன். போட்டோ விழுந்தது, சீட்டு வந்தது. டிரைவர் கண்ணாடியை இன்னும் இறக்கி முடிக்கவில்லை. இரண்டாவது வண்டி, மூன்றாவது, எட்டாவது. ரோட்டில் ஒரு லாரிகூடக் காத்து நிற்கவில்லை.

பரவாயில்லையே என்றார் மேனேஜர். நான் திரும்பவில்லை.

"போர்டுல எம்பேரு டேபிளுக்கு நேரா கெடக்குது சார். வேற ஆள அனுப்பாதீங்க, நீங்களே போயி அழிச்சுட்டு வாங்க."

போனார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். டஸ்டர் கிடைக்கவில்லை போலிருக்கிறது; உள்ளங்கையாலேயே என் பெயரைத் துடைத்தார். நான் அடுத்த லாரியை ஏறச் சொன்னேன்.