அம்மியும் முட்டையும்

ஒருவர் பேசியதைக் கூட்டாமல் குறைக்காமல் இன்னொருவரிடம் சொன்னால், அது உண்மை சொன்னதாகிவிடுமா? சித்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. நல்லவர், கெட்டிக்காரர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடிந்தால் எனக்கும் வசதிதான். ஆனால் அவரோடு வேலை பார்த்தவர்கள் அவரைச் சந்தேகித்தார்கள். அந்தச் சந்தேகம் முழுக்கத் தவறு என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

சித்தி ஒரு சலவை ஆலையில் வேலை பார்த்தார். மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் இடம் அது. தேய்க்கும் மெஷினில் சூடான உருளைகள் சுழலும். இரண்டு பெண்கள் ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்து உள்ளே கொடுப்பார்கள். மறுபக்கம் இரண்டு பெண்கள் வாங்கி மடிப்பார்கள். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை அதில் பட்டால் மெஷின் நின்றுவிட வேண்டும். அந்தக் கம்பி பழுதாகிக் கிடந்தது. யாரோ அதைக் கிழிந்த விரிப்பின் கரையால் மேலே தூக்கிக் கட்டிவிட்டிருந்தார்கள். சித்தியின் நாத்தனாருடைய கை உள்ளே போனது அப்படித்தான். விரல்கள் தப்பின, புறங்கை வெந்துவிட்டது.

நாத்தனார் சித்தியின் வீட்டிலேயே இருந்தவர். புண் ஆறியதும் அதே மெஷினுக்குத் திரும்பியாக வேண்டும், வேறு பிழைப்பு கிடையாது. அதற்குள் அந்தக் கம்பியைச் சரிசெய்துவிடுவார்களா என்பதுதான் ஆலையிலும் வீட்டிலும் எல்லோருடைய கவலையாக இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து ஆலை கைமாறியது. புதிதாக வந்த மேனேஜருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. பெண்களில் ஆங்கிலம் அறிந்தவர் சித்தி ஒருவரே. பள்ளி நாட்களில் பழமொழிப் போட்டியில் பரிசு வாங்கியவர். அந்தப் போட்டியில் ஆசிரியை ஒரு ஆங்கிலப் பழமொழியைச் சொல்வார், பிள்ளைகள் அதற்கு இணையான தமிழ்ப் பழமொழியைச் சொல்ல வேண்டும். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’, ‘மனமிருந்தால் மார்க்கமுண்டு’ என்று, ஆசிரியை கேட்ட வாய் மூடுவதற்குள் சித்தி சொல்லிவிடுவாராம். ஒவ்வொரு ஆங்கிலப் பழமொழிக்கும் தமிழில் ஓர் இரட்டைப் பிள்ளை எங்கேயோ பிறந்திருக்கிறது, அதைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தால் போதும் என்ற நம்பிக்கை அவருக்கு அப்போது ஏற்பட்டது. பரிசு வாங்கித் தந்த நம்பிக்கையை யாரும் எளிதில் சந்தேகிப்பதில்லை.

மேனேஜருக்கோ பழமொழி இல்லாமல் ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியாது. அதனால் சித்தியை உருளையிலிருந்து எடுத்து, தன் அறை வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அன்றே பெண்கள் சித்திக்கு ‘மைக்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முதல் கூட்டத்தில் பெண்கள் கம்பியைப் பற்றிக் கேட்டார்கள். மேனேஜர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, ரோம் நகரம் ஒரே நாளில் கட்டப்பட்டதல்ல என்று ஆங்கிலத்தில் சொன்னார். சித்திக்கு யோசிக்கவே தேவை இருக்கவில்லை.

“அடிமேல் அடி அடிச்சா அம்மியும் நகரும்கிறாரு.”

மடிக்கும் பக்கத்தில் நின்ற மூத்த பெண் முகம் மலர்ந்து, “அப்போ அடிக்க ஆரம்பிச்சுட்டாருன்னு சொல்லு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து மேனேஜரும் சிரித்தார். நம்மைப்போலவே பேசுகிற மனிதர்தான் என்று சொல்லிக்கொண்டு பெண்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. மெக்கானிக் வந்தார், துவைக்கும் மெஷினுக்கு எண்ணெய் போட்டார், போய்விட்டார். கம்பி கட்டிய இடத்திலேயே தொங்கியது. பெண்கள் மறுபடி கேட்டபோது மேனேஜர் வேறொரு பழமொழியை எடுத்துவிட்டார். சித்தி அதற்கும் ஒரு தமிழ் இணையைக் கொண்டுவந்து நிறுத்தினார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நாற்காலிக்குக் கைப்பிடி இருப்பதை அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். மேனேஜருக்குத் தேநீர் போகும்போது சித்திக்கும் ஒரு கோப்பை போவதைக் கவனித்தார்கள். அவர் பக்கம் பக்கமாகப் பேசுவதை இவள் ஏன் ஒரு வரியில் முடிக்கிறாள் என்று கேட்டார்கள். “மைக்குக்குக் கரண்டு எங்கேருந்து வருதுன்னு பாக்கணும்” என்று மூத்த பெண் சொன்னது சித்தியின் காதில் விழுகிற தூரத்தில்தான்.

வீட்டில் அதைவிட மோசம். நாத்தனார் ஒரு கையால் துணியை உதறிக் கொடியில் போட்டபடி, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: “அண்ணி, அந்த அம்மி இப்போ எவ்வளவு தூரம் நகந்திருக்கு?”

சித்தி வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்துப் பிழிந்தார்.

கடைசியில் பெண்கள் ஒரு சோதனை வைத்தார்கள். விரிப்பு மூட்டைகளை ஏற்றிவரும் வேன் டிரைவர் சில காலம் வெளிநாட்டில் ஓட்டியவர், ஆங்கிலம் புரியும். அடுத்த கூட்டத்தின்போது அவரை மூட்டைகளுக்குப் பின்னால் நிற்கவைத்தார்கள். கூட்டம் முடிந்ததும் அவரைச் சூழ்ந்துகொண்டு, என்ன தில்லுமுல்லு என்று கேட்டார்கள். டிரைவர் தலையைச் சொறிந்தார்.

“அர்த்தமெல்லாம் சரியாத்தான் சொல்றாங்க. பொய் இல்ல. ஆனா அவரு சொன்னது சாக்கு. இவங்க வாயில வந்தப்போ அது வாக்கு மாதிரி கேட்டுச்சு.”

அது பெண்களுக்குத் திருப்தி தரவில்லை. பொய் சொன்னாள் என்று தெரிந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். சித்தியின் காதுக்கும் இது போய்ச் சேர்ந்தது. அவருக்கு அது பெரிய அடியாக இருந்திருக்க வேண்டும். பள்ளியில் யாரும் அவருக்கு இதைச் சொல்லித் தரவில்லை. ஒரு பழமொழிக்கு என்ன பொருள் என்பது ஒரு கேள்வி. அதைச் சொல்லி ஒருவர் எதைச் செய்கிறார், எதைத் தட்டிக்கழிக்கிறார் என்பது வேறு கேள்வி. சித்தி முதல் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவர். ஆனால் அது அவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருந்ததா, அந்த நாற்காலி அதைத் தெரியவிடாமல் செய்ததா? எனக்குத் தீர்ப்புச் சொல்ல மனம் வரவில்லை.

நாத்தனாரின் புண் ஆறியது. அவர் வேலைக்குத் திரும்பிய காலையில் கம்பி இன்னும் கட்டியபடியே இருந்தது. பெண்கள் உருளையை ஓட விடாமல் மேனேஜரை வரச் சொன்னார்கள். அவர் வந்தார். நாத்தனாரின் கையைப் பார்த்தார். தோல் இளஞ்சிவப்பாக, பளபளவென்று இழுத்துக் கிடந்தது. அவர் கொஞ்சம் பேசி, கடைசியில் ஒரு பழமொழியோடு நிறுத்தினார்.

எல்லோரும் சித்தியைப் பார்த்தார்கள். மூத்த பெண், “என்ன, இன்னைக்கு எந்த அம்மி?” என்றார்.

சித்தி எழுந்து நின்றார். வழக்கமாகச் சட்டென்று வரும் பதில் வரவில்லை. பிறகு, பள்ளிப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் நிதானமாகச் சொன்னார்:

“முட்டையை உடைக்காம ஆம்லெட் போட முடியாதாம்.”

“அப்படின்னா?”

“அவ்வளவுதான் சொன்னாரு.”

நாத்தனார் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

“அப்போ முட்டை நான்தானா, அண்ணி?”

மூத்த பெண் போய் மெஷினின் மெயின் சுவிட்சையே அணைத்தார். அன்று ஒரு விரிப்பும் உருளைக்குள் போகவில்லை. ஈரத் துணி வண்டி வண்டியாகச் சேர்ந்து நாற ஆரம்பித்தது; மருத்துவமனையிலிருந்து ஆள் வந்து சத்தம் போட்டார். மறுநாள் மெக்கானிக் புதுக் கம்பியோடு வந்தார். மூத்த பெண் துடைப்பக் கட்டையால் அதைத் தட்டி, மெஷின் நிற்கிறதா என்று தன் கண்ணால் பார்த்த பிறகுதான் நாத்தனாரை அருகே விட்டார்.

சித்தி இப்போது எல்லோருக்கும் வேண்டியவராகிவிட்டார். கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள் என்று பெண்கள் பாராட்டினார்கள். வேன் டிரைவர் மட்டும் பாராட்டவில்லை. அன்று மூட்டை இறக்க வந்து வாசலில் நின்றவர் அவர். பல வருடங்கள் கழித்து என்னிடம் சொன்னார்: பழமொழிக்கு முன்னால் மேனேஜர் ‘எனக்கு வருத்தமாக இருக்கிறது’ என்றும் சொன்னாராம். குரலில் உண்மை இருந்ததாகவே அவருக்குத் தோன்றியதாம். சித்தி அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லவே இல்லை.

கம்பி பொருத்திய மறுநாள் காலை நாற்காலி காலியாக இருந்தது. சித்தி உருளைக்கு முன்னால், நாத்தனாருக்கு எதிர்முனையில், ஈர விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேனேஜர் கூப்பிட்டார், போகவில்லை. பெண்கள் கெஞ்சிப் பார்த்தார்கள்.

“எனக்கு இங்கிலீஷ் தெரியாது” என்றார் சித்தி.

ஓய்வு பெறும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் யாராவது ஒரு மருந்துச் சீட்டைக் காட்டி அர்த்தம் கேட்டால்கூட அதே பதில்தான்.