செபம் வேறு, படலை வேறு

எங்கள் அக்கா ஆண்டவரிடம் சென்று ஓராண்டு நிறைகிற இந்நாளில், காலைப் பூசையில் பங்கெடுத்து, மதியச் சாப்பாட்டுக்கும் வந்து, இந்நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் அக்காவின் தங்கையாகிய என் வணக்கம். அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி அவருடைய மகள் கேட்டபோது, நல்லதை மட்டும் எழுதச் சொல்லி எங்கள் பெரிய மாமி ஆள் அனுப்பியிருந்தார். அக்காவைப் பற்றி எழுத என்னிடம் நல்லதைத் தவிர வேறொன்றும் இல்லை. மற்றவர்களைப் பற்றி எப்படி எழுதவேண்டும் என்று மாமி சொல்லியனுப்பவில்லை.

அக்கா முல்லைத்தீவுக் கரையோரத்தில், கோயில் மணி கேட்கும் தூரத்தில் இருந்த ஒரு சிறிய வீட்டில் பிறந்தார். அப்பா கடற்றொழில் செய்தவர். நான் நடை பழகும் வயதிலேயே அம்மா காய்ச்சலில் காலமானதால், எனக்குத் தலை வாரி இழுத்தது, உடுப்புத் தோய்த்தது, பள்ளிக்கூடம் கூட்டிப் போனது எல்லாம் அக்காதான். செபம் சொல்லப் பழக்கியவரும் அவரே. முழங்காலில் நின்றபடி நான் நித்திரை தூங்கினால் தட்டி எழுப்புவார். மற்ற எல்லாவற்றிலும் இரக்கமுள்ளவர், அந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டார்.

அக்காவுக்குக் கலியாணம் பேசி வந்தவர் பெரிய மாமி. எங்கள் அப்பாவின் தமக்கை. மாப்பிள்ளை மாமியின் கணவர் வழி உறவு. "நல்ல பெடியன், நல்ல குரல், கோயிலிலை பாட்டுப் படிக்கிறவன்" என்றார் மாமி. குரல் நல்லதுதான். அதை நான் இன்றும் மறுக்கவில்லை.

போரின் கடைசி இடப்பெயர்வின்போது நாங்கள் எல்லோரும் முள்ளிவாய்க்காலில் ஒரே பதுங்குகுழிக்குள் இருந்தோம். அக்காவின் மடியில் மகள், பக்கத்தில் அவரைக் கட்டிய அத்தான், நான், காய்ச்சலோடு அப்பா. அப்பாவை அங்கேயே இழந்தோம். அந்தக் குழிக்குள் எல்லோரையும் விட உரத்துச் செபித்தவர் அத்தான். தன்னை உயிரோடு வெளியே விட்டால் வாழ்நாள் முழுவதும் ஆண்டவருக்கு ஊழியம் செய்வதாக அழுதழுது நேர்ந்தார். வெளியே வந்ததும் முதலில் செபத்தை நிறுத்தியவரும் அவரே. வவுனியா முகாமில் நாங்கள் மாலையில் செபமாலை சொல்லும்போது, அவர் கம்பி வேலிக்கு அருகே நின்று வெளிநாட்டுக்குப் போகும் வழியை விசாரித்துக்கொண்டிருப்பார்.

"போய்ச் சேந்த உடனை உன்னையும் பிள்ளையையும் கூப்பிடுவன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போய்ச் சேர்ந்தார். முதலில் அடிக்கடி பேசினார், பிறகு பெருநாட்களில் பேசினார், பிறகு பேசவில்லை. அங்கே வேறொரு பெண்ணைக் கட்டிக் குழந்தையும் பிறந்திருந்தது. அந்தக் குழந்தையின் ஞானஸ்நானப் படம் எங்கள் உறவினர் பலருடைய கைத்தொலைபேசிகளில் இருந்தது. பெரிய மாமியின் தொலைபேசியிலும் இருந்தது. அக்காவிடம் சொல்லத்தான் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. "சொன்னால் தாங்கமாட்டாள்" என்று பிறகு காரணம் சொன்னார்கள். போரைத் தாங்கியவர் அதைத் தாங்கமாட்டார் என்று இவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்களோ தெரியாது. கடைசியில் கிளிநொச்சிச் சந்தையில், அக்காவிடம் கருவாடு வாங்க வந்த ஒரு பெண் வாய் தவறிச் சொல்லித்தான் அக்கா அறிந்தார்.

முகாமிலிருந்து ஊர் திரும்பிய அக்கா கருவாடு போட்டு விற்றே மகளைப் படிப்பித்தார். நல்லது கெட்டதுக்கு அக்கா வந்து பக்கத்தில் இருந்தால் கதிரையை நகர்த்தி வைத்த உறவினர் உண்டு. அதே ஆட்கள் வெளிநாட்டுக்குத் திரும்பும் நாள் நெருங்கினால், "நல்ல அறக்குளாக் கருவாடாப் பாத்து மணக்காமல் கட்டித் தாங்கோ" என்று தொலைபேசி எடுப்பார்கள். அக்காவும் கட்டிக் கொடுப்பார். நானாக இருந்தால் கொடுத்திருக்கமாட்டேன்.

சந்தையில் செய்தி கேட்ட அன்று அக்கா வீட்டுக்கு வந்து, மீனுக்கு உப்பிட்டு, குளித்து, வழக்கம் போல முழங்காலில் நின்றார். நானும் நின்றேன். செபமாலை முடிந்து நான் எழும்பப் போனபோது, "இரு, இன்னும் ஒண்டு இருக்கு" என்று என் கையைப் பிடித்தார். அத்தானின் பெயரைச் சொல்லி, அவருடைய ஆத்துமத்துக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொன்னார்.

"அந்த மனிசனுக்கோ?" என்று கேட்டேன்.

"ஓம். அவர் செய்தது சின்னப் பாவமே? அப்ப ஆரும் செபிக்கத்தானே வேணும்."

அன்றிலிருந்து அது நிற்கவில்லை. வெள்ளம் வந்து கூரை ஒழுகிய மாரியிலும், மகளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரி விறாந்தையில் கிடந்த காலத்திலும், உப்புப் பட்டுக் கை வெடித்து மணிகளை உருட்ட முடியாமல் போனபோதும் நிற்கவில்லை. அந்தச் செபத்தில் அக்காவுக்கு ஆறுதல் கிடைத்தது என்று யாராவது நினைத்தால் அது தவறு. பல நாள் அவர் முகம் கசப்பு மருந்து குடிப்பவரின் முகம் போல இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

பக்தி சபையின் முன்வரிசையில் இருக்கும் பெரிய மாமிக்கு இது ஒரு பகிடி. கோயில் முற்றத்தில் நான்கு பேர் நிற்கும்போதே கேட்பார்: "எடி பிள்ளை, செபமாலை உருட்டினால் போன புருசன் திரும்பி வருவானோ? இவ்வளவு காலம் உருட்டி என்ன கண்டனீ?"

"செபம் என்ன சங்கக் கடையோ மாமி, குடுத்து வாங்க?" என்பார் அக்கா. மாமிக்கு விளங்கவில்லை. மாமியின் செபங்கள் எல்லாம் கடைக்குப் போய் வருபவைதான். மகனுக்கு விசா, மகளுக்கு மாப்பிள்ளை, வாசலுக்கு மாபிள் கல்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்து சிறிது நேரத்தில், அக்காவின் வேலிப் படலைக் கதவுக்கு முன் ஒரு வாடகை வான் வந்து நின்றது. முதலில் மாமி இறங்கினார். பிறகு ஒரு பெரிய பெட்டி இறங்கியது. அதன் பின்னால் அத்தான் இறங்கினார். அங்கே கட்டியவள் அவரை வெளியே அனுப்பிவிட்டதும், இதய நோய் வந்ததும், தனியே கிடந்து சாகப் பயந்ததும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தன. அன்று எங்களுக்குச் சொல்லப்பட்டது வேறு.

"பிள்ளை, உன்ரை செபத்தை ஆண்டவர் கேட்டிட்டார்! ஆரைக் கொண்டுவந்திருக்கிறன் பார்!" என்று மாமி கைகளை விரித்தார். முற்றத்தில் பகிடி பண்ணிய அதே வாய்.

அக்கா படலைக்கு வந்து அத்தானைப் பார்த்தார். "சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டார்.

"இருக்கிறன்" என்றார் அத்தான். அந்த நல்ல குரல் அன்றைக்கு எடுபடவில்லை.

"இருங்கோ. பயணத்தாலை வந்திருக்கிறியள், சாப்பிடுங்கோ."

அக்கா உள்ளே போய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து, படலைக்கு வெளியே வேப்பமர நிழலில் வைத்தார். சோறும் மீன் குழம்பும் கொடுத்தார். அத்தான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். மாமியோடு வானில் வந்திருந்த உறவினர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கை கழுவிவிட்டு அவர் பெட்டியைத் தூக்கியபோது அக்கா படலையில் கையை வைத்தார்.

"பெட்டி உள்ளுக்கை வராது."

"இதென்ன கதை?" மாமி கத்தினார். "ஒவ்வொரு நாளும் இவனுக்காகச் செபிச்சுப்போட்டு, வந்து நிக்கேக்கை படலையைச் சாத்துறியோ?"

"செபம் வேறை மாமி, படலை வேறை."

"மன்னிக்கத் தெரியாதவளுக்கு மோட்சம் இருக்கோ?"

"மன்னிச்சு எவ்வளவு காலம்! மன்னிச்ச ஆளோடை ஒரு கூரைக்குக் கீழை இருக்கோணும் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்ற அக்கா, அத்தானின் பக்கம் திரும்பினார். "நான் செபிச்சது நீங்கள் இஞ்சை வாறதுக்கில்லை. நீங்கள் ஆண்டவரிட்டைப் போறதுக்கு. அதுக்கு என்ரை வீட்டுக்குள்ளாலை வழி இல்லை."

அத்தான் பெட்டியைத் தானே திரும்ப வானில் ஏற்றினார். அவரை நான் மெச்சக்கூடிய ஒரே விஷயம் அதுதான்.

மாமி விடவில்லை. அடுத்த நாளே பங்குச் சுவாமியாரைக் கூட்டி வந்தார். சுவாமி இளையவர், அமைதியானவர். அக்கா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தபடி மாமி சொன்ன நியாயம் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "நீங்கள் என்ன சொல்லுறியளம்மா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"எனக்கு ஒண்டுதான் அறிய வேணும் சுவாமி. மோட்சத்திலையும் நான் இவருக்குப் பெண்சாதிதானோ?"

"இல்லையம்மா. அங்கை கட்டுறதும் இல்லை, கட்டிக்குடுக்கிறதும் இல்லையெண்டு ஆண்டவரே சொல்லியிருக்கிறார்."

"அப்ப அங்கை சந்திக்கலாம்" என்றார் அக்கா.

சுவாமி சிரித்துவிட்டார். அக்காவைக் கட்டாயப்படுத்த ஒருவருக்கும் உரிமை இல்லை என்று மாமியிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். மாமி சிரிக்கவில்லை. பிறகு பல மாதம் எங்களோடு கதைக்கவும் இல்லை. அது எங்களுக்குப் பெரிய இழப்பாகத் தெரியவில்லை.

அத்தானை மாமி தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். பெட்டிக்குள் இருந்த சொக்கலேற்றும் வாசனைப் போத்தல்களும் முடியும் வரை அவர் அங்கே ராசாவாக இருந்தார். அதன்பின் அவர் இருமுவது மாமிக்கு இடைஞ்சலாகிவிட்டது. குடும்பம் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எங்களுக்கு உபதேசித்த மாமியின் பெரிய மாபிள் வீட்டில் ஓர் இருதய நோயாளிக்கு மூலை இல்லை. இப்போது அவர் முல்லைத்தீவு நகரில் ஓர் அறையில் தனியே இருக்கிறார். அவரைப் பார்க்க ஆளில்லை என்று அறிந்த நாளிலிருந்து அக்கா சோறு கட்டி முச்சக்கர வண்டியில் அனுப்பி வந்தார். தான் போனதில்லை.

சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டு அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. மகள் தாதியாக வேலை செய்யும் வவுனியாவில் வைத்தியம் பார்த்தோம். பிறகு, வீட்டில்தான் கண்மூடவேண்டும் என்று அவர் கேட்டதால் கூட்டி வந்தோம். பார்க்க வந்தவர்களில் சிலர் அழகாகக் கேட்டார்கள்: "இவ்வளவு செபிச்ச உங்களுக்கு ஆண்டவர் ஏன் இப்பிடிச் செய்தவர்?" நோயாளியின் கட்டிலில் அமர்ந்து, அவருடைய தோடம்பழத்தை உரித்துத் தின்றபடி கேட்கிற கேள்வி.

"செபிக்காத ஆக்களுக்கு வருத்தம் வாறேல்லையோ?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார். கேட்டவர் பழத்தை முடித்துவிட்டுப் போனார்.

ஒரு பின்னேரம், செபமாலை முடிந்து, குரல் எழும்பாமல் அக்கா அத்தானுக்கான அருள்நிறை மந்திரத்தைத் தொடங்கியபோது எனக்குப் பொறுக்கவில்லை. "இனியாவது அந்த மனிசனை விடுங்கோ அக்கா. உங்களுக்காகச் செபியுங்கோ" என்றேன்.

அக்கா சொல்லி முடித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். "எனக்கு அவரை நினைச்சால் இன்னும் வயிறு எரியுதடி" என்றார்.

நான் திகைத்துப்போனேன். அவருக்கு எப்போதோ ஆறிவிட்டது என்றே நான் நினைத்திருந்தேன்.

"நித்திய சீவியம் எண்டால் என்ன? முடிவில்லாத காலமெல்லே. அவரும் அங்கை வந்தால், ஆண்டவருக்கு முன்னாலை நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிக்க ஏலுமே? இஞ்சை எண்டால் படலையைச் சாத்தலாம். அங்கை படலை இல்லை. அதுக்குத்தான் நாளும் நாளும் பழகிறன்."

"பழகிட்டியளோ?"

"இல்லை" என்றார் அக்கா. "கொஞ்சம் கிட்ட வந்திட்டன்."

செபமாலையை என் கையில் வைத்து, "எனக்குப் பிறகு நீ சொல்லு" என்றார்.

"நானோ? அந்த ஆளுக்கோ?"

"அவருக்கு இல்லையடி. உனக்கு."

இரண்டு கிழமைக்குப் பிறகு, சுவாமியிடம் அவஸ்தைப் பூசுதல் பெற்று, மகளின் கையைப் பிடித்தபடி, ஒரு காலைப்பொழுதில் அக்கா அமைதியாகக் கண்மூடினார்.

மரண அறிவித்தலில் கணவரின் பெயர் முதலில் வரவேண்டும், அடக்கப் பூசையில் அவர் சவப்பெட்டியின் தலைமாட்டில் நிற்கவேண்டும் என்று மாமி பிடிவாதமாக நின்றார். "அப்பா எல்லாரோடையும் நிக்கட்டும்" என்று மகள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். இம்மலரில் அவருடைய படம் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கும் அதுவே பதில்.

சேமக்காலையில் எல்லோரும் குழிக்குள் மண் போட்டுக் கலைந்த பின் அத்தான் என்னிடம் வந்தார். "அவள் என்னைப் பற்றி ஏதும் சொன்னவளோ?" என்று கேட்டார்.

"ஒவ்வொரு நாளும் கதைச்சவா அத்தான்" என்றேன். "உங்களோடை இல்லை. ஆண்டவரோடை."

அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. தேற்றவும் இல்லை.

அக்காவின் நோயிலும் மறைவிலும் எங்களோடு நின்ற எல்லோருக்கும் நன்றி சொல்லவேண்டும். சைவக்காரியாய், மாதாவின் பெயர்கூட முன்பு தெரியாமல், எங்களோடு முழங்காலில் நின்று, "சாமி கும்பிடுறதுக்குப் பாஷை என்னாக்கா" என்று சொல்லிச் சொல்லியே அக்காவின் உடம்பைத் துடைத்து, உடை மாற்றிவிட்ட பக்கத்து வளவுச் செல்வராணிக்கு முதல் நன்றி. எங்கள் சொந்தத்தில் ஒருவரும் செய்யாததை அவள் செய்தாள். சுவாமிக்கும், வவுனியா ஆஸ்பத்திரி விடுதியில் பராமரித்தவர்களுக்கும், மழைக்குள் நின்று குழி வெட்டிய கரையோரத் தம்பிமாருக்கும் நன்றி. அடக்கத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்து, பூப்படமும் கும்பிடும் கைப்படமும் அனுப்பிவைத்த உறவுகளுக்கும் அவர்கள் பட்ட சிரமத்தின் அளவுக்கு நன்றி.

அக்கா கேட்டதை நான் செய்கிறேன். அத்தானின் பெயரைச் சொல்லி ஒன்று. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறேன். கொஞ்ச நாளில், அதே வேகத்தில் பெரிய மாமியின் பெயரையும் சேர்த்துக்கொண்டேன். அது இன்னும் கடினமாக இருக்கிறது. நேற்று மாலையும் வாய் சொன்னது, மனம் வரவில்லை. இன்று மாலையும் சொல்வேன்.

– தங்கை